கவைக்கோலின் உயரம்

ஆகஸ்ட் மாதத்து முதல் ஞாயிறு காலை, குன்வோர் மூன்று கழிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு குறிசுடும் மைதானத்துக்குள் நுழைந்தபோது, காப்பிப் பாத்திரத்தைச் சுற்றி நின்றிருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன குன்வோர், இங்க யாரும் புல் காயப்போடலியே?" என்றார் ஹில்டிங்.

எல்லோரும் சிரித்தார்கள். கழிகள் புல் உலர்த்தும் பந்தலிலிருந்து வந்தவைதான். அந்தப் பந்தல் பிரிக்கப்பட்டு இருபது வருடமாகிறது. களஞ்சியத்தின் பின்சுவரில் சாய்ந்து கிடந்தவற்றில் நேரானவையாக மூன்றைத் தேர்ந்தெடுத்து, தலைப்பக்கத்தை ஒரு பழைய குதிரை வாரால் கட்டியிருந்தாள். கால்களை விரித்தால் மேலே ஒரு கவை உண்டாகும். துப்பாக்கியின் முன்பகுதியை அதில் வைத்தால் அசையாமல் நிற்கும். அவளைப் பொறுத்தவரை அவ்வளவுதான் விஷயம்.

"புல் இல்ல. துப்பாக்கி வைக்க," என்றாள்.

"யார் துப்பாக்கிய?"

"என்னோடத."

இப்போது சிரிப்பு வரவில்லை. அது அவளுடைய துப்பாக்கி ஆகி ஆறு வாரம்கூட ஆகவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பு அது அவளுடைய அக்கா சோல்வெய்க்குடையது. சோல்வெய்க் பிப்ரவரியில், பால் அறையில் ஒரு வாளியைக் கழுவிக்கொண்டிருக்கையில், தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்த சத்தம்தான் குன்வோரை அங்கே இழுத்துக்கொண்டு போனது. உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்ற மூன்று மாதம் கடிதம் எழுதினாள். தேர்வுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். அக்காவோடு சேர்ந்து இருபத்தேழு வயதில் எழுதித் தேறிய தேர்வு அது. மேஜை இழுப்பறையின் அடியிலிருந்து தேடி எடுத்து அனுப்பினாள்.

அந்த ஊரின் மூஸ் வேட்டைக் குழுவில் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் காத்து நின்று சுடும் இடத்துக்கு நிலை என்று பெயர். சகோதரிகளின் வடக்குப் பண்ணைக்குக் கருஞ்சதுப்பு நிலை, அப்பா காலத்திலிருந்தே. செப்டம்பரில் மூஸ் மான்கள் அந்தச் சதுப்பின் ஓரமாக நடந்து வரும். அங்கே நிற்கிறவருக்கு எந்த வருடமும் வெறுங்கை இல்லை. சோல்வெய்க் முப்பத்தோரு வருடம் அங்கே நின்றாள். குன்வோரும் கூட நின்றாள் என்றாலும் அதை யாரும் கணக்கில் சேர்த்துக்கொண்டதில்லை. பத்தொன்பது வயதில் பரணிலிருந்து விழுந்த பிறகு சோல்வெய்க்கின் இடது கைக்கு ஒரு காப்பிக் கோப்பையைத் தூக்கும் பலம்தான் இருந்தது, துப்பாக்கியின் முன்பாகத்தை ஏந்த முடியாது. அதனால் குன்வோர் முன்னால் நிற்க, சோல்வெய்க் அவளுடைய இடது தோளில் துப்பாக்கியை வைத்துச் சுட்டாள். முப்பத்தோரு வருடம் கவைக்கோலாக இருந்தது அந்தத் தோள்தான். எவ்வளவு பஞ்சை அடைத்தாலும் குன்வோரின் இடது காது பத்து வருடத்திலேயே செத்துவிட்டது. மூஸ் விழுந்த பிறகுதான் ஊர் பார்வையில் குன்வோரின் வேலை தொடங்கும். அறுப்புக் கொட்டகையில் அவளைப் போலக் கத்தி பிடிக்க ஆள் கிடையாது.

குழுவின் விதி ஒன்றுதான். செப்டம்பர் முதல் திங்களுக்கு முன், மைதானத்தில் நிற்கும் மூஸ் படத்தின் நெஞ்சு வட்டத்துக்குள் நான்கு தோட்டாவும் விழ வேண்டும். ஞாயிறுக்கு ஒரு முறைதான் சுடலாம். விழாதவருக்கு அந்த வருடம் நிலை இல்லை.

குன்வோர் கழிகளை விரித்து ஊன்றினாள். துப்பாக்கியை வைத்தாள். நான்கு முறை சுட்டாள்.

ஹில்டிங் தானே போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். கெட்டவர் இல்லை. குழுவை இருபது வருடமாக நடத்துகிறார்.

"ரெண்டு உள்ள. ஒண்ணு காலுக்குக் கீழ மண்ணுல. ஒண்ணு..." என்று இழுத்தார். "வயித்துல."

ஆண்கள் தங்கள் பூட்ஸ்களைப் பார்த்தார்கள். வயிற்றில் விழும் தோட்டா என்ன செய்யும் என்று அவர்களைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். மிருகம் உடனே சாகாது. மணிக்கணக்காக நடக்கும். குடலில் இருப்பது உள்ளே சிந்தி, நல்ல இறைச்சியெல்லாம் பச்சையாக நாறும். அப்படி வந்தவற்றைக் கொட்டகையில் அவள்தான் சுத்தம் செய்திருக்கிறாள்.

"அடுத்த ஞாயிறு வரேன்," என்றாள்.

ஹில்டிங் அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார். குரலைத் தணிக்க முயன்றார். அவருக்கு அது வராது. "இதோ பாரு குன்வோர். உன்ன விட்டா கொட்டகைக்கு யாரு இருக்கா? மருமகப்பிள்ள ரெண்டு வருஷமா நிலை இல்லாம நாய்க்குப் பின்னால ஓடிட்டிருக்கான். இந்த வருஷம் என் நிலைய அவனுக்குக் குடுத்துட்டு நான் ரோட்டுல நின்னு வாக்கிடாக்கி பிடிக்கப் போறேன். அவன் கருஞ்சதுப்புக்குப் போனா என் இடம் எனக்குத் திரும்பும். உனக்கும் கறி குறையாது. நிலத்துக்கு உள்ள பங்கு வந்துடும்ல?"

"நான் கறியப் பத்திப் பேசல."

"பின்ன?"

"நிலையப் பத்தி."

அவருக்குப் புரிந்தது. கறி பங்கிடும் நாளில் நிலைக்காரர், குழுத்தலைவர், நாய்க்காரர் பங்கை அவரவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களின் பங்கைப் பண்ணையின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருடம் கொட்டகையில் "சோல்வெய்க்" என்று கேட்ட இடத்தில், இனி "வடக்குப் பண்ணை" என்று கேட்கும். ஏதோ உள்ளே ஆளே இல்லாத வீட்டைக் கூப்பிடுவது போல.

அந்த வாரம் முழுக்க மாலையில் மாடு கறந்து முடித்ததும், களஞ்சியச் சுவரில் கரியால் ஒரு வட்டம் போட்டு, தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கவையில் வைத்து விசையை அழுத்திப் பழகினாள். ஒரு மாலைக்கு ஐம்பது முறை. தொடைத் தசைகள் பிடித்துக்கொண்டன. கால்கள் நடுங்கின. வயதாகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்தாள்.

இரண்டாம் ஞாயிறு. மூன்று தோட்டா உள்ளே. ஒன்று முதுகுக்கு மேலே ஒரு கையகலம்.

மால்டே, ஹில்டிங்கின் மருமகன், அவளுக்குப் பிறகு கவைக்கோல் எதுவும் இல்லாமல் நின்றபடியே நான்கையும் வட்டத்துக்குள் போட்டான். நகரத்திலிருந்து வந்தவன். சுத்தமான புதுச் சட்டை, புதுத் துப்பாக்கி. பழைய காலத்து யானைத் துப்பாக்கி போலக் கனமான குண்டு போடுவது. பெருமை அடிக்கத் தெரியாதவன்.

"நீங்க வேணும்னா என்னோடத வெச்சு ஒரு தடவ பாருங்களேன், குன்வோர். இது உதைக்கும், ஆனா நேரா போகும்."

"என்னோடதும் நேராத்தான் போவுது, தம்பி. நான்தான் கோணல்."

அவன் சிரித்துவிட்டு, சிரித்தது சரியா என்று தெரியாமல் காப்பி எடுக்கப் போனான்.

சிக்ஸ்டன் மட்டும் அங்கேயே இருந்தார். எழுபத்து நான்கு வயது. குழுவின் நாய் அவருடையது. உதட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு சிட்டிகைப் புகையிலை இருப்பதால் தேவை இல்லாமல் வாய் திறக்க மாட்டார். அவர் வந்து அவள் காலடியில் புல்லில் குந்தி உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ துப்பாக்கிய வையி. சுட வேணாம்."

வைத்தாள். கன்னத்தைக் கட்டையில் பதித்தாள்.

"குதிகால் எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? கால்லதான்."

"தரையில இல்ல," என்றார் சிக்ஸ்டன். அவளுடைய பூட்ஸின் அடியில் தன் கையைச் சொருகி எடுத்துக் காட்டினார். முழுக் கையும் போய் வந்தது. "நுனிக்கால்ல நிக்குற. வாரம் முழுக்க இப்படியேதான் நின்னியா?"

குன்வோர் கீழே பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை.

"ஏம்மா, இந்தக் கோல யாரோட உயரத்துக்கு வெட்டின?"

"என்னோட தோள் உயரத்துக்கு. மே மாசம் நிலைக்கே போய் அளந்தேன். கயிறு வெச்சு. தோள்லேருந்து தரை வரைக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

நிலையில் ஒரு தட்டைக்கல் உண்டு. குன்வோர் ஏறி நிற்க என்று முதல் வருடமே சோல்வெய்க் உருட்டிக்கொண்டு வந்து போட்டது. சோல்வெய்க் நெட்டை. தங்கையின் தோள் அவளுக்குத் தாழ்வாக இருந்தது. ஒரு சாண் உயரக் கல் அந்தக் குறையைத் தீர்த்தது. மே மாதம் கயிற்றோடு போனபோதும் குன்வோர் யோசிக்காமல் அந்தக் கல்லில்தான் ஏறி நின்றிருக்கிறாள். முப்பத்தோரு வருடம் நின்ற இடம் அது. வேறெங்கே நிற்பாள்? அங்கிருந்து தோளை அளந்து, சதுப்புத் தரை வரை கயிற்றை விட்டிருக்கிறாள்.

"அது சோல்வெய்க் சுடறதுக்கு உள்ள உயரம்," என்றார் சிக்ஸ்டன். "சோல்வெய்க் சுடப்போறதில்ல, குன்வோர். நீதான் சுடப்போற."

அவள் கவையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு, "உங்க வண்டியில ரம்பம் இருக்கா?" என்று கேட்டாள்.

அங்கேயே, எல்லோரும் பார்க்க, கழிகளைப் பெஞ்சின் மேல் போட்டு முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூன்றிலும் ஒவ்வொரு சாண் அறுத்தாள். காய்ந்த பைன் மரம். நெடுநேரம் பிடித்தது. மால்டே பிடித்துக்கொள்ள முன்னால் வந்தபோது சிக்ஸ்டன் கையைக் காட்டி நிறுத்தினார். மூன்றாவது துண்டு விழுந்ததும் அவள் அவற்றைப் பொறுக்கிக் காரின் பின்னிருக்கையில் போட்டுவிட்டு, ரம்பத்தின் பல்லைத் தன் கால்சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"அடுத்த ஞாயிறு வரேன்," என்றாள்.

மூன்றாம் ஞாயிறு அவளுடைய குதிகால்கள் புல்லில் பதிந்திருந்தன. மூன்று தோட்டா வட்டத்துக்கு நடுவில். நான்காவது கோட்டின் மேல். ஹில்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கோட்டைத் தொட்டா உள்ளதான்," என்றார் சிக்ஸ்டன், பின்னாலிருந்து. "உங்களுக்கே போன வருஷம் ரெண்டு கோட்டுல. நான் மறக்கல."

"சரி சரி." ஹில்டிங் குன்வோரிடம் திரும்பினார். "நிலை உனக்கு. ஆனா ஒண்ணு. இங்க இருக்கறது காகிதம். அங்க வர்றது உயிர். மொத நாள் வயித்துல ஒரு குண்டு போச்சுன்னா அன்னிக்கே துப்பாக்கிய வெச்சுட்டுக் கொட்டகைக்கு வந்துடணும். கருஞ்சதுப்பு மால்டேக்கு. வாக்கு?"

"வாக்கு," என்றாள் குன்வோர். கை கொடுத்தாள்.

செப்டம்பர் முதல் திங்கள், விடிந்து இரண்டு மணி நேரம். சதுப்பின் மேல் பனிமூட்டம் கலைந்துகொண்டிருந்தது. குன்வோர் தட்டைக்கல்லைத் தாண்டிப் போய்த் தரையில் கழிகளை ஊன்றினாள். கல்லின் மேல் காப்பிக் குடுவையையும் ரொட்டிப் பொட்டலத்தையும் வைத்தாள். வாக்கிடாக்கியை வலப்பக்கச் சட்டைப்பையில், கேட்கிற காதுக்குப் பக்கத்தில், செருகிக்கொண்டாள். கழுத்தின் பின்புறம் குளிர்ந்தது. அங்கே எப்போதும் ஒருத்தியின் மூச்சு இருக்கும், கொஞ்சம் காப்பி வாசனையோடு.

எட்டு மணிக்கு மேல் வடக்கே நாய் குரைத்தது. அந்தக் குரைப்பு விலகிப் போனது. அதன் பிறகு ஓடைப் பக்கமிருந்து ஒரே ஒரு சத்தம், கனமாக. அது மால்டேயின் துப்பாக்கி.

வாக்கிடாக்கி கரகரத்தது. "ஒரு கொம்பன் மூஸ். சுட்டேன். மிஸ் ஆயிடுச்சு. முதுகுக்கு மேல போயிடுச்சு," என்றான் மால்டே, மூச்சு வாங்க.

"நாயக் கூட்டிட்டு வந்து அந்த எடத்தப் பாக்கட்டுமா?" சிக்ஸ்டனின் குரல்.

அதுதான் முறை. சுட்டவர் என்ன சொன்னாலும், சுட்ட இடத்தை நாய் ஒரு தடவை முகர்ந்து பார்க்க வேண்டும். ரத்தம் இருந்தால் எல்லோரும் தேட வேண்டும்.

"வேணாம்," என்றார் ஹில்டிங். "நாய் வேற ஒண்ணுக்குப் பின்னால இருக்கு, அதக் கெடுக்காதீங்க. மருமகப்பிள்ள பாத்துட்டானில்ல? மிஸ்னா மிஸ்தான்."

வாக்கிடாக்கி கரகரத்து அணைந்தது.

இருபது நிமிடம் கழித்து வலப்பக்கத்துப் புதர்களிலிருந்து கொம்பன் வெளியே வந்தது. ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி, முதுகைக் கொஞ்சம் கூனிக்கொண்டு, சதுப்பின் ஓரமாக வலமிருந்து இடமாக நடந்தது. நின்றது. மறுபடி நடந்தது. குன்வோர் துப்பாக்கியைக் கவையில் இறக்கினாள். இடது தோள் தானாக ஒருமுறை இறுகித் தளர்ந்தது. அதை இருக்கவிட்டாள். குதிகாலை அழுத்தினாள். மிருகத்தின் இடப்பக்கம் முழுவதும் தெரிந்தது. முன்காலுக்குப் பின்னால், ஒரு கை மேலே. இன்னும் ஒரு அடி வைக்கட்டும் என்று காத்திருந்தாள். வைத்தது. சுட்டாள்.

கொம்பன் நாற்பது அடி போய்ச் சேற்றுக் குழியில் சாய்ந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் அசையாமல் நின்றாள். பிறகுதான் வாக்கிடாக்கியை எடுத்தாள். "கருஞ்சதுப்பு. கொம்பன் விழுந்திடுச்சு," என்றாள். குரல் நடுங்கவில்லை என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி.

அந்தத் திருப்தி வயிற்றைத் திறக்கும் வரைதான் நீடித்தது. சிக்ஸ்டன் முன்காலைப் பிடித்துக்கொள்ள, அவள் கத்தியை வைத்த கணமே அந்த நாற்றம் வந்தது. பச்சைக் கூழ் கையில் வழிந்தது. ஹில்டிங்கும் மால்டேயும் நான்கு சக்கர வண்டியோடு அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். மூக்கே சொல்லிவிட்டது.

"வயிறு," என்றார் ஹில்டிங். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "குன்வோர், நாம பேசினோம்ல?"

மிருகத்தின் உடம்பெல்லாம் கருஞ்சேறு. எந்தத் துளை எங்கே என்று தெரியவில்லை. அவள் முழங்கை வரை நனைந்த கையோடு எழுந்து நின்றாள். முன்காலுக்குப் பின்னால் குறி வைத்தது கண்ணுக்குள் இருந்தது. கண்ணுக்குள் இருப்பதை யார் நம்புவார்?

"கொட்டகைக்குப் போகட்டும். தோல உரிச்சதும் பேசலாம்."

"பேச என்ன இருக்கு?"

"உரிச்சதும்," என்றாள்.

கொட்டகையில் பின்னங்கால்களைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்தார்கள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாற்றம் பிடித்த கறியை வெயிலில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்த முடியாது. மால்டே உதவியாக இருக்கட்டும் என்று ரப்பர் குழாயை எடுத்துத் திறந்தான்.

"தண்ணிய மூடு!"

அவன் பயந்து குழாயைக் கீழே போட்டான்.

"தண்ணி ஊத்துனா அழுக்கு போவாது. நல்ல கறிக்கு ஊர்வலம் போவும். குடல்ல இருந்தது பட்ட எடத்த வெட்டித்தான் எடுக்கணும், கழுவக் கூடாது. ஒரு வாளியில கொதிக்கிற தண்ணி கொண்டு வா. அது கத்திக்கு."

அவள் தோலை உரிக்கத் தொடங்கினாள். இந்த வேலையில் அவளுடைய கை யாருக்கும் காத்திருந்ததில்லை. தொடையிலிருந்து கீழ்நோக்கி, இடப்பக்கம் முதலில். விலா வந்தது. முன்காலுக்குப் பின்னால், ஒரு கை மேலே, சுண்டுவிரல் நுழையும் ஒரு துளை. சுற்றிலும் புது ரத்தம், பளபளப்பாக. நுரையீரல் இருந்த இடம். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல், வலப்பக்கத்துக்குப் போனாள். அங்கே அவளுடைய குண்டு வெளியேறிய பெரிய ஓட்டை. அதற்கும் பின்னால், கடைசி விலாவையும் தாண்டி, இன்னொரு துளை. அதைச் சுற்றித் தோலின் மயிர் கத்தரித்தது போல வெட்டுப்பட்டு உள்ளே போயிருந்தது. குண்டு நுழையும்போதுதான் மயிர் அப்படி வெட்டுப்படும். அங்கே ரத்தம் கறுத்து, கூழாக உறைந்திருந்தது.

"ஹில்டிங், கண்ணாடியப் போட்டுட்டு வாங்க."

வந்தார். சிக்ஸ்டனும் வந்தார். அவள் கத்தி முனையால் காட்டினாள்.

"எனக்கு இடப்பக்கம் மட்டும்தான் தெரிஞ்சுது. வலப்பக்கத்த நான் பாக்கவே இல்ல. இது வலப்பக்கத்துலேருந்து நுழஞ்சது. இந்த ரத்தம் எப்ப உறைஞ்சுது பாருங்க. மிருகம் உயிரோட நடக்கும்போதே உறைஞ்சிருக்கு."

பிறகு இடப்பக்க அடிவயிற்றுத் தோலின் உட்புறத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. கத்தியால் சின்னதாகக் கீறினாள். காளான் போல விரிந்த ஒரு செம்பு உருண்டை வந்து உள்ளங்கையில் விழுந்தது. அதை மேஜையில் வைத்தாள். தன் சட்டைப்பையிலிருந்து சுடாத தோட்டா ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். அவளுடையது ஆறரை மில்லிமீட்டர், பென்சில் போல மெலிந்தது. உருண்டையின் விரியாத அடிப்பாகமே அதைவிட ஒன்றரை மடங்கு தடித்திருந்தது.

"இந்த ஊர்ல இவ்ளோ கனமா சுடறது ஒரு துப்பாக்கிதான்," என்றார் சிக்ஸ்டன். புகையிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

மால்டேயின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "மேல போயிடுச்சுன்னுதான் நெனச்சேன். அது துள்ளக்கூட இல்ல. சத்தியமா, குன்வோர்."

"நம்பறேன். நீ பொய் சொல்லல. வயித்துல பட்டா சில சமயம் துள்ளாது. உனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல." அவள் அவனைப் பார்க்கவில்லை. ஹில்டிங்கைப் பார்த்தாள். "நாய்க்குத் தெரிஞ்சிருக்கும்."

ஹில்டிங் தொப்பியைக் கழற்றினார். அவருடைய தொப்பி இல்லாத தலையைச் சோல்வெய்க்கின் அடக்கத்தில்தான் கடைசியாகப் பார்த்தது.

"நான்தான் நாய் வேணாம்னேன்," என்றார். முதல் தடவையாக அவர் குரல் கொட்டகைக்கு வெளியே கேட்டிருக்காது.

"இருபது நிமிஷம் இந்த வலியோட நடந்திருக்கு," என்றாள் குன்வோர். கத்தியை வெந்நீரில் முக்கினாள்.

மால்டே வாசல் பக்கம் நகர்ந்தான். "நான் வீட்டுக்குப் போறேன். என் நிலைய..."

"எங்க போற? கைய முட்டி வரைக்கும் கழுவிட்டு வா. இந்தக் கத்திய எடு." அவன் வந்தான். "பச்சை பட்ட எடத்துலேருந்து ஒரு விரல் தள்ளி வெட்டு. மோந்து பாரு. நாறுதா? அப்ப இன்னொரு விரல். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திய வெந்நியில முக்கு. கஞ்சத்தனம் பண்ணாத. இந்த வாசனய மறக்கவும் மறக்காத."

மூன்று மணி நேரம் இருவரும் எதிரெதிரே நின்று வெட்டினார்கள். இரண்டு பக்கத்து அடிவயிற்றுக் கறியும் போயிற்று, உள்முதுகுக் கறியில் ஒன்று போயிற்று. அவன் ஒருமுறை வெளியே ஓடி வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து கத்தியை வெந்நீரில் முக்கினான். அதைப் பார்த்த பிறகு அவளுக்கு அவன் மேல் இருந்த கோபத்தில் பாதி தீர்ந்தது.

குளிரறையில் தொங்கவிட்டபோது வெப்பமானி எட்டு டிகிரி காட்டியது. கதவில் தொங்கிய நோட்டில் அவள் 8 என்று எழுதினாள். ஒவ்வொரு நாளின் டிகிரியையும் கூட்டிக்கொண்டே வந்து, நாற்பது ஆகும் நாளில் கறியை வெட்ட வேண்டும். அதற்கு முன் வெட்டினால் கறி ரப்பர், பின் வெட்டினால் குப்பை. செவ்வாய் பதினாறு. புதன் இருபத்து மூன்று. முந்தைய பக்கத்தில் சென்ற வருடத்தின் எண்கள் சோல்வெய்க்கின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தன. குன்வோர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, புரட்டி வைத்தாள்.

அந்த வாரம் தினமும் அவள் கழிகளோடு கருஞ்சதுப்புக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஹில்டிங் நிலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது வேறாகிவிடும். வியாழனன்று சிக்ஸ்டன் ஒரு கன்றைச் சுட்டார். அதை அடுத்த வாரத்துக்கு என்று தனியாகத் தொங்கவிட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் நோட்டில் நாற்பது. கொம்பனை இறக்கி, எலும்பு நீக்கி, வெட்டி, அரைத்து, நீண்ட மேஜையில் குவியல்களாகப் பிரித்தாள். எட்டுக் குவியல்கள் கண்ணுக்குச் சமமாக வந்தன. ஒன்பதாவதற்கு அரைத்த கறி போதவில்லை. வெட்டி எறிந்த அடிவயிற்றின் குறை அது. கழுத்தெலும்பும் சூப்பெலும்பும் வைத்து எடையைச் சரிக்கட்டினாள்.

"அது எனக்கு இருக்கட்டும்," என்றான் மால்டே மெதுவாக. "என்னாலதான் குறைஞ்சுது."

"யாருக்கு எதுன்னு நாம சொல்றதில்ல. சுவர் சொல்லும்."

சுவர் என்றால் சிக்ஸ்டன். பங்கிடும் நாளில் அவர் மேஜைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நிற்பார். குன்வோர் விரலைக் குவியலின் மேல் வைத்து "இது யாருக்கு?" என்பாள். எந்தக் குவியல் என்று பார்க்காமல் அவர் ஒரு பெயர் சொல்வார். பெயர்ப் பட்டியலை ஹில்டிங் எழுதித் தருவார். அதற்குப் பிறகு முறையீடு கிடையாது.

ஹில்டிங் நான்காக மடித்த தாளைச் சிக்ஸ்டனிடம் கொடுத்தார். குன்வோரின் பக்கம் பார்க்காமல் போய்க் கதவோரம் நின்றுகொண்டார்.

"இது யாருக்கு?"

"ஹில்டிங்," என்றது சுவர்.

"நல்ல தொடைக்கறி. நாயத் தடுத்தவருக்கு ராஜ விருந்து," என்று யாரோ சொல்ல, கொட்டகை சிரித்தது. ஹில்டிங்கும் காது சிவக்கச் சிரித்தார்.

"இது யாருக்கு?"

"மால்டே."

இப்படி ஐந்து போயின. அவள் விரல் வரிசையில் நகர்ந்து கழுத்தெலும்புக் குவியலின் மேல் வந்து நின்றது. வரிசையில் அது அங்கேதான் இருந்தது.

"இது யாருக்கு?"

தாள் சரசரத்தது. சிக்ஸ்டன் தொண்டையைக் கனைத்தார். முப்பத்தோரு வருடம் ஒரே பெயரைச் சொல்லிப் பழகிய வாய். குன்வோர் கேட்கிற காதைச் சுவரின் பக்கம் திருப்பினாள். ஒன்று பண்ணையின் பெயர் வரும், இல்லையென்றால்...

"குன்வோர்," என்றார் சிக்ஸ்டன், சுவரிடம், சத்தமாக. "கருஞ்சதுப்பு."

கதவோரம் ஹில்டிங் தொப்பியின் விளிம்பைச் சரிசெய்துகொண்டார். மால்டே தன் குவியலைக் கையால் தள்ளிக்கொண்டே வந்தான். "குன்வோர், அது எலும்பு. மாத்திக்கலாம். என்னோடத எடுத்துக்குங்க."

"கை வைக்காத," என்றாள் அவள். "இது என் பேருக்கு வந்தது."

எலும்புக் குவியலின் மேல் உள்ளங்கையை ஒரு நொடி அழுத்தி வைத்தாள். குளிராக இருந்தது. பிறகு விரலை எடுத்து அடுத்த குவியலின் மேல் வைத்தாள்.

"இது யாருக்கு?"